மன்னூபியாவின் இரண்டு கபர்கள்

மீன் டப்பா ஆலையில் மத்தி மீனுக்குத் தலை கிள்ளும் வரிசையில் எனக்கு இடது பக்கம் நிற்பவள் மன்னூபியாக்கா. கை ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அவளுக்கு அது வசதியாக இருந்தது.

"தூஜா, நீ கபர் மாதிரிடி. சொன்னா உள்ள போயிடும், வெளிய வராது" என்பாள்.

அதை அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். ஏனென்றால் உலகத்திலேயே அவள் அதிகம் பேசியது ஒரு கபரிடம்தான், செத்தவரைப் புதைத்து மேலே கட்டிய ஒரு திட்டிடம். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் கையில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து மீன் வாடையைக் கழுவிக்கொண்டு, வெள்ளை மேலாடையைப் போர்த்திக்கொண்டு மையவாடிக்குக் கிளம்புவாள். நானும் கூடப் போவேன். வீட்டில் எனக்காகக் காத்திருப்பவர் யாரும் இல்லை.

எங்கள் ராஸ் மெல்ஹ் ஊரின் மூக்கு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் மையவாடி இருக்கிறது. மேட்டின் உச்சியில் கபர்களின் தலைமாட்டில் நட்ட துருக்கியர் காலத்துப் பளிங்கு மீசான் கற்கள் நிற்கின்றன. ஆண்களின் கல்லுக்குத் தலைப்பாகை உண்டு. தலைப்பாகையின் மடிப்பைப் பார்த்தே இவர் காஜி, இவர் கப்பல் தலைவர் என்று சொல்லிவிடலாம் என்பார்கள். பெண்களின் கல்லுக்குத் தலை தட்டை, நெஞ்சில் ஒரு பூ. நகராட்சி என்று ஒன்று வந்த பிறகுதான் சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் வந்தன. கதவை ஒட்டிய மூலையில் சிசிலியிலிருந்து மீன் பிடிக்க வந்து இங்கேயே செத்துப்போனவர்களின் இரும்புச் சிலுவைகள். அவற்றில் முட்டை வடிவப் பீங்கானில் மீசைக்காரர்களின் படம் இருக்கும். சிறு வயதில் அவர்கள் என்னையே பார்ப்பதாக நினைத்து வேகமாக நடப்பேன். இப்போதும் கொஞ்சம் வேகமாகத்தான் நடக்கிறேன்.

எங்களைப் போன்றவர்களுக்குக் கீழ்ச்சரிவு. பளிங்கும் கிடையாது, பெயரும் கிடையாது. கொத்தனார் சாந்தால் ஒரு திட்டு கட்டி, ஈரம் காய்வதற்குள் தலைமாட்டில் உள்ளங்கை அளவுக்குக் கிண்ணம் போலக் குழி வைப்பார். ஆணுக்கு ஒரு குழி, பெண்ணுக்கு இரண்டு. அதில் நாம் ஊற்றும் தண்ணீரைக் குருவி குடிக்கும். குடித்த நன்மை கீழே படுத்திருப்பவருக்குப் போய்ச் சேரும். பெண்ணுக்கு மட்டும் ஏன் இரண்டு என்றால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். "ஆம்பளைக்கு ஒண்ணைக் கழுவி வைக்கவே துப்பிருக்காது, அதான்" என்பாள் மன்னூபியாக்கா.

ஆனால் அந்தக் குழிகளைப் பார்த்தவர்கள் எங்களில் குறைவு. ரமலான் கடைசி வாரத்தில் வாளியும் தூரிகையுமாக ஊர்ப் பெண்கள் எல்லோரும் சரிவில் இறங்கிவிடுவோம். சுண்ணாம்பில் உப்புப் போட்டு, கொஞ்சம் நீலம் கலந்து, ஒரு பூச்சு காய்ந்ததும் இன்னொரு பூச்சு. பக்கத்துக் கபரைவிட நம்முடையது வெள்ளையாக இருக்க வேண்டும். பழைய சுண்ணாம்பை யாரும் சுரண்டுவதில்லை. அது செத்தவரின் தோலை உரிப்பது மாதிரி. அதனால் திட்டுகள் வருஷத்துக்கு வருஷம் பருத்துக்கொண்டே போயின, குழிகள் தூர்ந்துகொண்டே வந்தன. மூடிப்போன குழிக்கு மேலே ஆலையிலிருந்து கொண்டுவந்த காலி மத்தித் தகரத்தை வைத்து அதில் தண்ணீர் ஊற்றுகிறோம். குருவிகளுக்கு ஒரு குறையும் இல்லை.

மன்னூபியாக்காவின் உம்மா ஹனிய்யா இறந்தபோது அக்காவுக்கு மூன்று வயதோ நான்கோ. முகம் நினைவில்லை. அதற்கு அப்புறம் அறுபத்தொன்பதாம் வருஷத்துப் பெருவெள்ளம் வந்தது. மேட்டு மண் எல்லாம் சரிந்து கீழ்ச்சரிவை மூடிவிட்டது. ஊர் ஆண்கள் மண்வெட்டியோடு போய்த் தங்கள் தங்கள் கபரைத் தோண்டி எடுத்தார்கள். வாப்பா ஸாலஹ் சிறு பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், "இதுதான் உம்மா" என்று ஒரு திட்டைக் காட்டினார். அன்றைக்கே இரண்டு பேரும் அதற்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வாப்பா பிறகு நெடுங்காலம் இருந்து இறந்தார். அவர் மேலே புதுப் பகுதியில், பெயர் எழுதிய கல்லோடு கிடக்கிறார். அவருக்கு ஒரு பாத்திஹா ஓதி முடித்துக்கொள்வாள். பேச்செல்லாம் உம்மாவிடம்தான்.

எல்லாவற்றையும் அங்கேதான் சொன்னாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் மருதாணிக் கையை அந்தத் திட்டின் மேல் விரித்துக் காட்டியிருக்கிறாள். பிள்ளை தங்காத வருஷங்களில் டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்திருக்கிறாள். புருஷன் போன பிறகு ஒரு நாள் தலைத்துணியை எடுத்துவிட்டு, "பாரு உம்மா, எப்படிக் கொட்டிப்போச்சு" என்று முடியைக் காட்டியதை நானே பார்த்தேன். நான் தள்ளி உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் பேச்சு கொஞ்சம் கேட்கும், கொஞ்சம் காற்றில் போய்விடும்.

கடல்தான் பிரச்சினையைக் கொண்டுவந்தது. போன மாரிக்காலத்தில் அலை கரையை அரித்து, கடைசி வரிசைக் கபர்கள் ஒரே இரவில் தண்ணீருக்குள் போய்விட்டன. உம்மாவுடையது அதற்கு மேல் வரிசை. மன்னூபியாக்கா அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி, ஒரு அண்டா கூஸ்கூஸ் ஆக்கித் தெருவுக்கே கொடுத்தாள்.

கோடை வந்ததும் நகராட்சி அறிவிப்பு ஒட்டியது. மிச்சமிருக்கும் கீழ் வரிசையை எடுத்து மேட்டின் பின்பக்கம் அடக்கப் போகிறார்கள். உரியவர்கள் வந்து தங்கள் கபரைக் காட்ட வேண்டும். யாரும் கேட்டு வராதவை எல்லாம் ஒரே குழியில்.

குறித்த நாளில் நகராட்சியிலிருந்து நௌஃபல் என்ற பையன் தொப்பி போட்டுக்கொண்டு வந்தான். கூட கொத்தனார் கமைஸ். சுண்ணாம்பை நீக்கினால்தான் பழைய கட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியும், இடிக்காமல் திறக்க முடியும் என்று சொன்னார்கள். மன்னூபியாக்கா முதல் ஆளாகப் போய்த் தன்னுடையதற்குப் பக்கத்தில் நின்றாள்.

"மெதுவாப்பா. உம்மாவுக்கு வலிக்கப் போகுது."

"பஞ்சு மாதிரி எடுத்துடறேன், பாருங்க" என்றார் கமைஸ்.

உளி பட்டதும் சுண்ணாம்பு பாளம் பாளமாக விழுந்தது. வெட்டு வாயில் வெள்ளைக்கு நடுவே மெல்லிய சாம்பல் கோடுகள், ஒவ்வொரு வருஷத்துப் புழுதிக்கும் ஒன்று. தலைமாட்டுக்கு வந்ததும் கமைஸ் தூரிகையை எடுத்தார். நடுவில் ஒரு குழி தெரிந்தது. அவர் அதன் இரண்டு பக்கமும் தடவினார். திரும்பவும் தடவினார்.

"இன்னொண்ணு இந்தப் பக்கமா இருக்கும், நல்லாப் பாருங்க" என்றாள் மன்னூபியாக்கா.

"இல்லைக்கா. வழுவழுன்னு இருக்கு. ஒண்ணுதான்." அவர் எழுந்து நின்றார். "இது ஆம்பளை கபர், அக்கா."

பக்கத்துத் திட்டுக்குச் சொந்தக்காரரான திஜானி அண்ணன் இருமினார். வலை கட்டுகிறவர், அறுபதைத் தாண்டியவர், வாயில் எப்போதும் ஏதாவது ஒரு புகார் இருக்கும். மன்னூபியாக்கா போர்வையை நெற்றிவரை இழுத்துக்கொண்டு, முன்பின் தெரியாத வீட்டுக்குள் தவறி நுழைந்தவள் போல வெளியே நடந்தாள்.

மறுநாள் ஆலையில் எதிர் வரிசை ரெபஹா ஆரம்பித்தாள். "என்ன மன்னூபியா, உன் சிநேகிதர் சௌக்கியமா? இத்தனை வருஷம் வாரம் தவறாமப் போய்ப் பார்த்திருக்கியே. என் வீட்டுக்காரரை நான் இவ்வளவு தடவை பார்த்ததில்லை."

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் கொஞ்சம் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஆனால் மன்னூபியாக்காவின் கை நின்றுவிட்டது. மீன் வந்து குவிந்துகொண்டே இருந்தது. நான் அவள் பங்கையும் சேர்த்துக் கிள்ளினேன்.

சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். அது வாப்பா கட்டிய வீடு. வாசல் நிலையைச் சுற்றிச் சிங்கக்கால் என்று நாங்கள் சொல்லும் பழைய பூ ஓடு பதித்திருக்கும். மஞ்சள் பாதம், பச்சை விளிம்பு. முழங்கால் உயரத்தில் ஒரு ஓடு இல்லாமல் பொக்கையாக இருக்கும். வாப்பாவைக் கேட்டால் "விழுந்துடுச்சு" என்பாராம். பொக்கை தெரியாமலிருக்க அவள் எப்போதும் அங்கே துளசித் தொட்டியை வைத்திருப்பாள்.

"ரெபஹா சிரிச்சுட்டுப் போறா, விடு" என்றாள். "எவனோ ஒருத்தன்கிட்ட என் முடியைக் காட்டினேன், அதுவும் போகட்டும். அவன் செத்தவன், யார்கிட்ட போய்ச் சொல்லப் போறான்? தூஜா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். உம்மா எங்க?"

அவள் துளசியில் ஒரு இலையைக் கிள்ளினாள்.

"போன மாரியில கடைசி வரிசை கடலுக்குள்ள போச்சே. அதுல இருந்திருந்தா? உம்மா தண்ணிக்குள்ள போறப்ப நான் கூஸ்கூஸ் கிண்டிக்கிட்டிருந்தேன்டி. நன்றிக் கூஸ்கூஸ்."

நகராட்சி அன்றைக்கு அதோடு உளியை நிறுத்திவிட்டு, மிச்சத்தையும் திறந்து திங்கட்கிழமை எடுக்கத் தொடங்குவதாகச் சொல்லியிருந்தது. அதற்குள் உம்மாவைக் கண்டுபிடிக்காவிட்டால், கடலில் போகாமல் இருந்தாலும் பெயர் தெரியாதவர்களோடு ஒரே குழியில்தான் போவாள்.

வியாழன் வந்தது. மன்னூபியாக்கா கிளம்பவில்லை.

"நீ போய்ட்டு வா. அந்தத் தகரத்துல தண்ணி ஊத்திடு. யாரா இருந்தா என்ன, குருவிக்கு அதெல்லாம் தெரியுமா?"

நான் தனியாகப் போனேன். தண்ணீர் ஊற்றினேன். நிமிரும்போது பக்கத்துத் திட்டு கண்ணில் பட்டது. திஜானி அண்ணன் வருஷா வருஷம் வெள்ளையடிக்கும் அவருடைய வாப்பாவின் கபர். கமைஸ் இந்தப் பக்கம் தட்டிய அதிர்வில் அதன் தலைமாட்டில் சுண்ணாம்பு வெடித்து, ஒரு சில்லு உதிர்ந்திருந்தது. உள்ளே விரல்நக அளவுக்கு மஞ்சள் தெரிந்தது. மஞ்சளின் ஓரத்தில் பச்சை.

அந்த மஞ்சளை எனக்குத் தெரியும். மன்னூபியாக்கா பேசப் பேச, என் கண் அவள் முகத்தில் நிற்காது. வாசல் நிலையில்தான் நிற்கும். எத்தனையோ சாயங்காலம் அந்தச் சிங்கக்காலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

ஓடவில்லை, ஆனால் சிசிலிக்காரர்களைக் கவனிக்காமலே அவர்களைத் தாண்டி வந்துவிட்டேன். மன்னூபியாக்காவின் வாசலுக்கு வந்து துளசித் தொட்டியை நகர்த்தினேன்.

"என்னடி பண்றே?"

"அக்கா, இந்த ஓடு விழல" என்றேன். "யாரோ பார்த்துப் பார்த்துப் பெயர்த்திருக்காங்க. ஓரத்துல உளித் தடம் இருக்கு."

பார்த்ததைச் சொன்னேன். அவள் போர்வையைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தாள்.

திஜானி அண்ணன் படகின் நிழலில் வலை கட்டிக்கொண்டிருந்தார். மடியில் ஒரு பூனை. எங்களைப் பார்த்ததுமே, "முடியாது" என்றார்.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே அண்ணே."

"கேக்கத்தானே வந்திருக்கே. எங்க வாப்பாவைச் சுரண்ட விடமாட்டேன். ஹாஜி மொக்தத்னா இந்தத் துறைமுகமே நடுங்கும். நான் இந்த வயசுலயும் அவர் கபருக்கு முன்னால சிகரெட் பிடிச்சதில்லை. சுவரோரம் போய்ப் பிடிச்சுட்டு வாயைக் கொப்பளிச்சுட்டுத்தான் வருவேன். அவர் மேல உளி வைக்கச் சொல்றியா?"

"திங்கக்கிழமை எப்படியும் உளி வைக்கத்தான் போறாங்க."

"அது திங்கக்கிழமை."

மன்னூபியாக்கா கீழே, வலைக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, நான் இத்தனை காலமாப் பேசினது ஒரு ஆம்பளை. ஒரு ஆம்பளை கூடுதலா இருக்கார்னா, எங்கேயோ ஒரு ஆம்பளை குறையணும். பக்கத்துல இருக்கிறது நீங்கதான்."

அவர் கை வலையில் நின்றது. இதை அவரும் நினைத்துப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு இருமினாரே.

"வெள்ளம் வந்தப்ப நான் இன்னும் மீசை முளைக்காத பையன்" என்றார் மெதுவாக. "சேறு. எல்லாத் திட்டும் ஒரே மாதிரி. உங்க வாப்பாவும் நானும் பக்கத்துப் பக்கத்துல நின்னுதான் தோண்டினோம். இது உனக்கு, அது எனக்குன்னு..." பூனையை மடியிலிருந்து இறக்கினார். "உனக்கு உங்க உம்மா கிடைச்சுட்டா, எங்க வாப்பா எனக்குத் தொலைஞ்சு போயிடுவாரே, மன்னூபியா."

"எங்க தொலையறது? அவர் என்கிட்டதானே இருக்கார்."

கமைஸை வீட்டிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு மூன்று பேரும் சரிவில் இறங்கினோம். வெயில் தாழ்ந்திருந்தது. திஜானி அண்ணன் திட்டுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்றார். சுண்ணாம்பு விழும் சத்தம் கேட்டது. பிறகு தூரிகைச் சத்தம்.

"எத்தனைய்யா?" என்றார், திரும்பாமலே.

"ரெண்டு அண்ணே."

இரண்டு குழிக்கும் நடுவில், தூசி துடைக்கத் துடைக்க, சிங்கக்கால் ஓடு முழுசாக வெளியே வந்தது. அதன் ஒரு மூலை மட்டும் உடைந்திருந்தது. அந்த மூலை இன்னும் எங்கள் தெருவில், மன்னூபியாக்காவின் வாசல் நிலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் முன்னால்தான் நாங்கள் அதைத் தொட்டுப் பார்த்தோம். பளிங்குப் பூவுக்கு ஸாலஹ் எங்கே போவார்? வீட்டிலிருந்ததைப் பெயர்த்து எடுத்துவந்து மனைவியின் நெஞ்சில் வைத்திருக்கிறார். வெள்ளத்துக்குப் பிறகு அதுவும் குழிகளும் இறுகிய சேற்றுக்கு அடியில் கிடந்தன, சுண்ணாம்பும் அந்தச் சேற்றின் மேலேயே ஏறிவிட்டது. அவர் கண்ணில் படவில்லை.

மன்னூபியாக்கா ஓட்டின் மேல் கையை வைத்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். பெருமூச்சுத்தான் வந்தது. பாரத்தை இறக்கி வைத்தவள் விடுவது போல, நீளமாக.

"கடலுக்குள்ள போகல" என்றாள். "இங்கேயேதான் இருந்திருக்கா."

பிறகு சட்டென்று திரும்பி, "அண்ணே, நீங்க வருஷம் தவறாம வெள்ளையடிச்சீங்கதானே?" என்று கேட்டாள்.

"இதென்ன கேள்வி? ரெண்டு பூச்சு. உன்னுதைவிட வெள்ளையா இருக்கணும்னு நீலம் கூடுதலாப் போட்டேன்."

"தண்ணி?"

"காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. உனக்கு வியாழக்கிழமை மட்டும்தான். எனக்குத் தினம்."

"அப்ப என் உம்மாவை நான் பார்த்துக்கிட்டதைவிட நீங்க நல்லாவே பார்த்துக்கிட்டிருக்கீங்க." அவள் முகம் அப்போதுதான் தளர்ந்தது. உடனே வேறொரு கவலை வந்தது. "ஆனா, உங்க வாப்பாகிட்ட நான் பேசினதெல்லாம்... அண்ணே, அதெல்லாம் ஆம்பளை கேக்கற பேச்சில்லை."

திஜானி அண்ணன் முதல் தடவையாகத் திரும்பினார். ஒரு குழி வைத்த அந்தத் திட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகையா என்று பயந்தேன். சிரிப்பு.

"எங்க உம்மா வாயைத் தொறந்தா ரெண்டாவது வார்த்தைக்குள்ள குறுக்கே புகுந்துடுவார். படகுல ஒருத்தனைப் பேச விட்டதில்லை. அவர் ஒரு பொம்பளை சொல்றதைக் கடைசி வரைக்கும் கேட்டார்னா, அது உன்கிட்டதான். எங்க உம்மா இருந்திருந்தா வந்து உன் கைக்கு முத்தம் கொடுத்திருப்பா."

கமைஸ் தன் பங்குக்குத் திட்டுகளுக்கு நடுவே முழம் போட்டார். "ரெண்டு முழம்கூட இல்லை. நீங்க பேசினது உம்மாவுக்கும் கேட்டிருக்கும்க்கா. உங்க குரலுக்கு மேட்டுல இருக்கிற துருக்கிக்காரனுக்கே கேட்டிருக்கும்."

"அப்ப நீங்க இங்க உட்கார்ந்து என்ன பேசினீங்க?" என்று மன்னூபியாக்கா திஜானி அண்ணனைக் கேட்டாள். "உம்மாவுக்கு என்ன சேதி போயிருக்கு, எனக்குத் தெரியணும்."

அவர் காது சிவந்தது. "டீசல் விலை" என்றார்.

திங்கட்கிழமை எடுத்தார்கள். இமாம் வந்து ஓதினார். புது வெள்ளைத் துணியில் சுற்றி மேட்டின் பின்பக்கம் கொண்டுபோனார்கள். அந்தப் பக்கம் கடல் தெரியாது, காற்று மட்டும் வரும். நௌஃபல் ஹனிய்யாவை ஒரு வரிசையிலும் ஹாஜி மொக்தத்தை வேறு வரிசையிலும் போடப் பார்த்தான். திஜானி அண்ணன் விடவில்லை. "இவங்க ரெண்டு பேரும் பழகினவங்க. பக்கத்துலயே போடு" என்றார். கமைஸ் இந்தத் தடவை குழிகளை ஆழமாகவே வைத்தார். இரண்டு குழிக்கு நடுவில் பழைய ஓட்டைப் பதித்தார். வாசல் நிலைக்குப் புது ஓடு பதித்துத் தருவதாகச் சொன்னதற்கு மன்னூபியாக்கா வேண்டாம் என்றுவிட்டாள். துளசித் தொட்டி மட்டும் இப்போது மறுபக்கம் இருக்கிறது.

ஆலையில் ரெபஹா சும்மா இருக்கவில்லை. "சிநேகிதர் வீடு மாறிட்டாராமே" என்றாள். "ஆமா, மேட்டு வீடு. காத்து நல்லா வருது. உன் வீட்டுக்காரருக்கும் ஒரு இடம் சொல்லி வைக்கட்டுமா?" என்றாள் மன்னூபியாக்கா, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது.

அடுத்த ரமலானின் கடைசி வாரம் வாளியோடு போனோம். திஜானி அண்ணன் முன்பே வந்து சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார். மன்னூபியாக்கா தூரிகையை நனைத்துக்கொண்டு நேராக ஒரு குழி வைத்த கபருக்குப் போனாள். பழகிய கால்.

"அது எங்க வாப்பா" என்றார் அவர்.

அவள் நின்றாள். யோசித்தாள். தூரிகையிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"உங்க வாப்பாவுக்கு என் கைதான் பழக்கம். நீங்க போய் உம்மாவுக்கு அடிங்க. நீலம் கொஞ்சம் கூடவே போடுங்க, அவளுக்கு அதுதான் பழக்கம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்க் குந்தினார். இரண்டு பேரும் குழிக்குள் சுண்ணாம்பு இறங்காமல் விரலால் வழித்து வழித்து அடித்தார்கள். காய்ந்த பிறகு நான்தான் மூன்று குழிகளிலும் தண்ணீர் ஊற்றினேன். மன்னூபியாக்கா இரண்டு கபருக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆலைக் கதையைப் பொதுவாக, சத்தமாக ஆரம்பித்தாள். நடுவில் குரலைத் தணித்து, இரண்டு குழிப் பக்கமாகச் சாய்ந்தாள்.

திஜானி அண்ணன் உடனே எழுந்து சுவரோரம் போய்விட்டார், சிகரெட் பிடிக்க.